பர்டியூ – இந்தியானா: பாஸ்கெட்பாலில் நாங்கள், ஃபுட்பாலில் நீங்கள். இந்த சீசன் யாருக்கு?

பாய்லர்_நெல்லை | ஆகஸ்ட் 16, 2025

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் சீசனுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். ஆளுக்கொரு பக்கம் புலம்பாமல், பர்டியூ, இந்தியானா என்று இந்தியானா மாநிலப் பல்கலைகளில் படித்தவர்கள் எல்லாரும் இங்கேயே பேசிவிடலாம். ஒரே ஒரு விதி: சொந்த டீமின் பலத்தைச் சொல்பவர் அதன் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும்.

நானே தொடங்குகிறேன். பர்டியூ பாஸ்கெட்பால் இந்த வருடம் நாட்டின் முதல் ஐந்து டீம்களில் ஒன்று. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லோயர், ட்ரே காஃப்மன்-ரென் மூவரும் கடைசி வருடம் ஆட இருக்கிறார்கள். வேறு காலேஜில் இன்னும் அதிகப் பணம் கிடைத்திருக்கும், ஆனாலும் மூவரும் நகரவில்லை. ஸ்மித் மாதிரி பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாயிண்ட் கார்டு இப்போது காலேஜ் ஆட்டத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து.

ஓட்டை: எங்கள் நெடிய ஆட்டக்காரர் ஸாக் எடி போனபிறகு கூடைக்கு அடியில் காவல் இல்லை. 7 அடி 4 அங்குல டேனியல் ஜேகப்சனை நம்பியிருந்தோம். போன சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து லே-அப் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அவர் திரும்புகிறார், சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து ஆஸ்திரேலியர் ஆஸ்கர் கிளஃபும் வந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து ரீபவுண்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபுட்பால் பற்றி என்ன சொல்ல? 2024இல் 1-11. அந்த ஒரு வெற்றியும் கீழ்ப்பிரிவு டீமான இந்தியானா ஸ்டேட்டுக்கு எதிராக. நாட்டர் டேமிடம் 66-7. கடைசி ஆட்டத்தில் புளூமிங்டனில் இந்தியானாவிடம் 66-0. இரு டீமும் ஒரு மர வாளிக்காக நூறு வருடமாக ஆடிவரும் ஓல்ட் ஓக்கன் பக்கெட் போட்டியில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை.

*

கிரிம்சன்_கரூர் | ஆகஸ்ட் 16, 2025

அந்த 66-0க்கு நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். மூன்றாவது குவாட்டரிலேயே எங்கள் பக்கம் பாதிப் பேர் தொண்டை கட்டிப்போய் நின்றார்கள். பல தலைமுறையாகத் தோற்றே பழகிய டீம் இது, மொத்தமாக 700 தோல்விகளைத் தாண்டிய டீம். அந்தக் கூட்டத்துக்கு அந்த மாலை என்னவாக இருந்தது என்பதை வெளியாட்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

பலம்: கோச் கர்ட் சிக்னெட்டி. 2023இல் 3-9 என்று முடித்த டீமை எடுத்து, அடுத்த வருடமே 11-2 ஆக்கினார். ஜேம்ஸ் மேடிசன் பல்கலையிலிருந்து தன்னோடு 13 ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்தார். எலைஜா சாரட், மிக்கேல் கமாரா, ஏடன் ஃபிஷர், டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ் எல்லாம் அப்படி வந்தவர்கள், நான்கு பேரும் இந்த வருடமும் இருக்கிறார்கள். பெரிய காலேஜ்கள் சீண்டாதவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இவர் வேலையே. அலபாமாவில் நிக் சேபனிடம் உதவி கோச்சாக இருந்தபோது ஆள் சேர்ப்பதைக் கவனித்தவர் அல்லவா.

ஓட்டை என்று கேட்டால் ஆஃபன்ஸிவ் லைன், அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். குவாட்டர்பேக் கர்டிஸ் ரோர்க்குக்கு மூச்சுவிட நேரமே இல்லை. அதோடு பந்தை உதைக்கும்போது இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ். பந்தைத் தூரமாக எதிராளி பக்கம் உதைத்துவிடும் ஒரு பண்ட்டின்போது, பின்னால் கொடுத்த பந்து கையில் நிற்கவில்லை. இன்னொரு பண்ட்டை ஒஹாயோ ஸ்டேட்டின் கேலப் டவுன்ஸ் 79 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். அந்த இரண்டும் இல்லையென்றால் வேறு ஆட்டம்.

இந்த வருடம் கலிஃபோர்னியா பெர்க்லியிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்திருக்கிறார். உயரமானவர், அடி வாங்கிக்கொண்டே பந்தை எறியத் தெரிந்தவர். லைனுக்கு நாட்டர் டேமிலிருந்து பாட் கூகன். போன வருடத்தைவிட இது நல்ல டீம் என்றே நினைக்கிறேன்.

*

சௌத்பெண்ட்_சேகர் | ஆகஸ்ட் 17, 2025

இதே மாநிலத்துக்காரன் என்ற உரிமையில் நுழைகிறேன். நான் நாட்டர் டேம்.

கரூர் சகோ, நீங்கள் ஒஹாயோ ஸ்டேட்டோடு நிறுத்திக்கொண்டீர்கள். டிசம்பரில் எங்கள் ஊருக்கு வந்து தேசியக் கோப்பைக்கான பிளேஆஃப் ஆடியதையும் சேர்க்க வேண்டும். ஸ்கோர்போர்டில் 27-17 என்று இருக்கும், ஆனால் கடைசி இரண்டு நிமிடம்வரை அது 27-3. எங்கள் ஜெரமையா லவ் ஒரே ஓட்டத்தில் 98 யார்டு போனார். உங்கள் டிஃபன்ஸில் ஒருவர் கை வைக்க முடியவில்லை. பெரிய, வேகமான டீம் எதிரே வந்தால் இந்தியானா தடுமாறுகிறது, அதுதான் என் வாதம். மிஷிகனை 20-15 ஜெயித்தீர்கள், ஆனால் அது முந்தின வருடம் கோப்பை வாங்கிய மிஷிகன் இல்லை. நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்தது மட்டும் உண்மையிலேயே பெரிய ஆட்டம்.

இந்த வருடம் முதல் மூன்று ஆட்டம் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட். அதில் ஜெயிப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

*

கிரிம்சன்_கரூர் | ஆகஸ்ட் 17, 2025

முதல் மூன்று ஆட்டம் எளிது, சரி. ஆனால் அப்புறம் ஒரிகன், பென் ஸ்டேட், ஐயோவா மூன்றையும் அவரவர் ஊரிலேயே போய்ச் சந்திக்கிறோம். லேசான அட்டவணை என்று இந்த வருடம் யாரும் சொல்ல முடியாது. அப்புறம், ரோர்க் போன சீசன் முழுவதையும் முட்டிக்குள் கிழிந்த ஏசிஎல் தசைநாரோடு ஆடினார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதை வைத்துக்கொண்டு நாட்டர் டேம் டிஃபன்ஸ் முன்னால் நின்றவரைப் பற்றிப் பேசும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

*

லஃபாயெட்_புதுசு | ஆகஸ்ட் 17, 2025

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். எம்.எஸ். படிக்கப் பர்டியூ வந்திருக்கிறேன், இன்னும் வகுப்பே தொடங்கவில்லை. ஊரில் கிரிக்கெட் தவிர எதுவும் பார்த்ததில்லை. இங்கே பேருந்தில் ஏறினாலே மேக்கி அரீனா, மேட் பெயிண்டர் என்றுதான் பேச்சு. அவ்வளவு நல்ல டீம் என்றால் கோப்பை எத்தனை? தேடினால் ஒன்றுகூட வரவில்லையே? அப்புறம் அந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது என்ன?

*

மேக்கி_மீனா | ஆகஸ்ட் 17, 2025

வா தம்பி. இந்தக் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்களுக்கு வலிக்கிற இடம்.

காலேஜ் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் மார்ச் மாதப் போட்டியில் பர்டியூ ஆண்கள் டீம் ஒரு முறைகூடக் கோப்பை வாங்கியதில்லை. கடைசி நான்கு டீம் ஆடும் ஃபைனல் ஃபோருக்குப் போனது 1969, 1980, 2024 என்று மூன்றே முறை. எங்கள் கான்ஃபரன்ஸான (காலேஜ்களின் குழு) பிக் டென்னின் சாம்பியன் பட்டங்களை அள்ளிக் குவித்த டீமுக்கு இது சின்ன எண்ணிக்கை.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். என் பதில், கோச் பெயிண்டர் கட்டும் டீம் முப்பது ஆட்டம் கொண்ட சீசனுக்கு ஏற்ற டீம். எதிராளியைப் படித்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் தவறைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மார்ச்சில் ஒரு இரவு, ஒரே ஆட்டம். அங்கே முன்பின் தெரியாத டீம் வித்தியாசமாக எதையாவது செய்தால் மாட்டிக்கொள்கிறோம். 2021இல் 13ஆம் சீடு நார்த் டெக்சஸ் (சீடு என்பது தரவரிசை எண், எண் பெரிதானால் டீம் சிறிது). 2022இல் 15ஆம் சீடு செயின்ட் பீட்டர்ஸ். 2023இல் கொலம்பஸில் நடந்ததை இன்னும் முழுசாகத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் முதல் சீடு. எதிரே 16ஆம் சீடு ஃபேர்லி டிக்கின்சன், நாட்டிலேயே உயரம் குறைந்த டீம், சொந்த கான்ஃபரன்ஸ் போட்டியைக்கூட ஜெயிக்காமல் உள்ளே வந்தவர்கள். எடியின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நின்றுகொண்டு, வெளியே நின்ற எங்கள் பையன்களை "எறிந்துகொள்" என்று விட்டுவிட்டார்கள். மூன்று புள்ளி எறிதலில் 26க்கு 5 மட்டும்தான் விழுந்தது. 63-58. ஆண்கள் போட்டி வரலாற்றில் 16ஆம் சீடிடம் தோற்ற இரண்டாவது முதல் சீடு நாங்கள். முதலாவது 2018இல் வர்ஜீனியா.

அந்த வர்ஜீனியா பெயரைச் சொன்னதும் 2019 ஞாபகம் வராமல் இருக்காது. லூயிவில்லில் கடைசி எட்டு டீம் ஆடும் எலைட் எயிட். எங்கள் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 புள்ளி, பத்து த்ரீ பாயிண்டர். ஆறு வினாடிக்கும் குறைவு இருக்கும்போது மூன்று புள்ளி முன்னிலை, 70-67. வர்ஜீனியாவின் டை ஜெரோம் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டார், இரண்டாவது படவில்லை. மாமாடி டியாகிட்டே பந்தைத் தட்டிவிட, அது எல்லாரையும் தாண்டிப் பின்பக்கம், நடுக்கோட்டுக்கும் அப்பால் உருண்டது. கிஹாய் கிளார்க் துரத்திப் பிடித்து, தானே எறிய நேரம் இருந்தும் எறியாமல், நீளமாக ஒரு பாஸ். டியாகிட்டே கையிலிருந்து பந்து கிளம்பியதும் பஸ்ஸர். விழுந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் 80-75. அந்த வருடக் கோப்பை வர்ஜீனியாவுக்கு.

எங்கள் பையன்கள் செய்த தவறு என்று அதில் ஒன்றும் இல்லை. ஒரு ரீபவுண்ட் ஒரு அடி இந்தப் பக்கம் தட்டுப்பட்டிருந்தால் போதும்.

2023 தோல்விக்கு அப்புறமும் எடி ஓடிப்போகவில்லை என்பதுதான் முக்கியம். 2024இல் திரும்பி வந்து, எலைட் எயிட்டில் டென்னசிக்கு எதிராக 40 புள்ளி போட்டு ஃபைனல் ஃபோருக்குக் கூட்டிப் போனார். இறுதிப் போட்டியில் யூகானிடம் (கனெக்டிகட் பல்கலை) 75-60 என்று தோற்றோம். எடி 37 போட்டுக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு இடமே கொடுக்க வேண்டாம் என்று ஆடினார்கள். எங்கள் டீம் மொத்த ஆட்டத்திலும் ஏழே ஏழு த்ரீதான் எறிந்தது. அதில் ஒன்றுதான் விழுந்தது. இதைத் திட்டமிட்ட யூகானைப் பாராட்ட வேண்டும்.

போர்ட்டல் பற்றி: ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர் பெயரைப் பதிவு செய்யும் பட்டியல். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். இப்போது அந்தத் தடை இல்லை, மாறிய வருடமே ஆடலாம். அதனால் ஒரே கோடையில் ஒரு டீம் தலைகீழாக மாறிவிடும்.

*

புளூமிங்டன்_பாலா | ஆகஸ்ட் 18, 2025

மீனா நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கோப்பை எண்ணிக்கை கேட்ட தம்பிக்காக: இந்தியானாவுக்கு ஐந்து. 1940, 1953, 1976, 1981, 1987. அதில் 1976 டீம் 32-0. அதற்கப்புறம் இன்றுவரை எந்த ஆண்கள் டீமும் ஒரு தோல்விகூட இல்லாமல் கோப்பை வாங்கியதில்லை. கோச் பாப் நைட்டின் டீம் ஆடிய ஆட்டத்தைப் பழைய பதிவுகளில் தேடிப் பாருங்கள், ஒருவரும் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். டிஃபன்ஸில் ஆளுக்கு ஆள், தளர்வே கிடையாது. அதே நைட்தான் 1985இல் பர்டியூவுக்கு எதிரான ஆட்டத்தில் நாற்காலியைத் தூக்கி மைதானத்துக்குள் வீசியவர். இரண்டும் ஒரே மனிதர். 2000இல் பல்கலை அவரை நீக்கியது.

நீக்கியது சரியா தவறா என்று இங்கே பேச வேண்டாம். அதற்கப்புறம் நடந்ததைப் பேசுவோம். மைக் டேவிஸ் 2002இல் இறுதிவரை போனார், மேரிலண்டிடம் 64-52. பிறகு கெல்வின் சாம்ப்சன், டாம் கிரீன், ஆர்ச்சி மில்லர், மைக் உட்சன், இப்போது டேரியன் டெவ்ரீஸ். ஒவ்வொருவரும் ஒரு பாணி. ஒருவர் சேர்த்த பையன்கள் அடுத்தவர் ஆட்டத்துக்குப் பொருந்த மாட்டார்கள், உடனே மறுபடி தொடக்கம். அதே காலத்தில் பர்டியூவில் ஜீன் கீடி, அவரிடம் படித்த பெயிண்டர், அவ்வளவுதான். பெயிண்டர் 2005இலிருந்து இருக்கிறார். அவருக்கும் மோசமான வருடங்கள் வந்தன, யாரும் துரத்தவில்லை. எங்கள் பலவீனத்தை ஒரே வரியில் கேட்டால் இந்தப் பொறுமை இல்லாததுதான்.

2013 டீம்தான் எனக்கு ஆறாத காயம். விக்டர் ஓலடிபோ, கோடி ஸெல்லர் இருவரும் இருந்த முதல் சீடு. சிரக்யூஸின் 2-3 ஸோன் (ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும் டிஃபன்ஸ்) முன்னால் 61-50 என்று சுருண்டார்கள். நீண்ட கைகள் விரித்து நிற்கும் ஸோனுக்கு நடுவே பந்தை வாங்கி இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கிக்கொள்ளவே இல்லை.

போன சீசனும் அதே கதைதான். ஊமர் பாலோ, மலிக் ரெனோ என்று உள்ளே இரண்டு பெரிய ஆட்கள், வெளியே எறிய ஆளில்லை. எதிராளிகள் ஐந்து பேரும் உள்ளே நெருக்கி நின்றார்கள். 19-13, போட்டிக்குத் தேர்வாகவில்லை. அந்த சீசனிலும் ஒரு நாள் இருந்தது: பிப்ரவரியில் அசெம்ப்ளி ஹாலில் பர்டியூவை 73-58 ஜெயித்தோம். இரண்டாம் பாதியில் அந்தச் செங்குத்தான இருக்கை வரிசைகளிலிருந்து வந்த சத்தம் அந்தக் காலத்துச் சத்தம்.

டெவ்ரீஸ் கிட்டத்தட்ட முழு டீமையும் புதிதாகக் கொண்டு வந்திருக்கிறார். மகன் டக்கர், சாம் ஹூஸ்டனிலிருந்து லமார் வில்கர்சன், எல்லாரும் த்ரீ எறிபவர்கள். உள்ளே உயரம் குறைவு. இந்த வருடம் ரீபவுண்டில் அடி வாங்குவோம், ஆனால் பார்க்கிற மாதிரி ஆடுவோம்.

*

பாய்லர்_நெல்லை | ஆகஸ்ட் 18, 2025

பாலா அண்ணா சொன்ன பொறுமை விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி. சிக்னெட்டி எந்தப் பொறுமையும் காட்டவில்லையே? வந்தார், ஆள் கொண்டு வந்தார், ஜெயித்தார். "நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்று வந்த புதிதிலேயே சொன்னார், செய்தும் காட்டினார். எங்கள் புது ஃபுட்பால் கோச் பேரி ஓடமும் அதே வழியைத்தான் பிடித்திருக்கிறார். டீமில் பாதிக்கு மேல் புது ஆட்கள். யுஎன்எல்வியை மவுண்டன் வெஸ்ட் இறுதிவரை கொண்டுபோனவர். இங்கே ஏன் நடக்கக் கூடாது?

*

மேக்கி_மீனா | ஆகஸ்ட் 18, 2025

நடக்கலாம், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது நெல்லை. சிக்னெட்டி கொண்டு வந்த 13 பேரும் அவரிடமே ஆடியவர்கள். அவர் ஆட்டம் அவர்களுக்கு அத்துப்படி. புதுசாக வந்தவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். ஓடம் எங்கெங்கிருந்தோ சேர்த்த ஆட்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவே அக்டோபர் ஆகிவிடும். அது மட்டுமா, நம்மிடம் இருந்த நல்ல ஆள் கிளம்பிவிட்டான். டில்லன் தீனமன் மாதிரி ஒரு சேஃப்டி (டிஃபன்ஸில் பின்னால் நின்று காப்பவர்), இந்தியானாப் பையன், ஒரிகன் போய்விட்டான். இருந்தவர்களில் உருப்படி என்று சொல்ல டெவின் மாக்கோபீ இருக்கிறார், ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர்ந்து ரன்னிங் பேக்காக வளர்ந்தவர். அவர் பந்தோடு ஓடத் தொடங்கினால் நான் இன்னும் எழுந்து நின்றுவிடுவேன்.

*

புளூமிங்டன்_பாலா | ஆகஸ்ட் 19, 2025

ஆட்கள் போவது பற்றி: எங்களுக்கும் அது தெரியும். 2020இல் பென் ஸ்டேட்டுக்கு எதிராக எங்கள் குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் உடம்பை முழுசாக நீட்டி, பந்தைக் கோட்டு மூலையில் தொட வைத்து 36-35 ஜெயித்துக் கொடுத்தார். அந்த வருடம் 6-2. அடுத்த வருடம் 2-10. பெனிக்ஸ் வாஷிங்டன் போனார், அங்கே தேசிய இறுதிப் போட்டிவரை ஆடினார். அப்போது எங்கள் நிர்வாகத்துக்கு ஃபுட்பால் என்றால் இரண்டாம்பட்சம்தான். இப்போது சிக்னெட்டிக்கு எட்டு வருட ஒப்பந்தம் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாறியது அது. இந்த ஜூலையிலிருந்து ஒவ்வொரு பல்கலையும் ஆட்டக்காரர்களுக்கு வருடம் 2.05 கோடி டாலர்வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. அதை ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் இனி எல்லாம்.

*

பாய்லர்_நெல்லை | ஆகஸ்ட் 19, 2025

பணத்தை ஃபுட்பால் பக்கம் தள்ளி பாஸ்கெட்பாலைப் பட்டினி போட்டால் வெஸ்ட் லஃபாயெட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். பெரிய டீமைக் கவிழ்க்கும் பழக்கம் எங்கள் ஃபுட்பாலுக்கு எப்போதும் உண்டு. 2018இல் ஒஹாயோ ஸ்டேட்டை 49-20. 2021இல் ஒரே சீசனில் இரண்டாம் இடத்து ஐயோவாவையும் மூன்றாம் இடத்து மிஷிகன் ஸ்டேட்டையும். 2022இல் பிக் டென் மேற்குப் பிரிவு சாம்பியன். உடனே கோச் ஜெஃப் ப்ரோம் லூயிவில் போய்விட்டார், அது அவருடைய சொந்த ஊர், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் போனதும் சீட்டுக்கட்டாகச் சரிந்தது. அடித்தளம் போடாமல் மேலே கட்டியிருக்கிறோம்.

*

லஃபாயெட்_புதுசு | ஆகஸ்ட் 19, 2025

போன மார்ச்சில் ஹூஸ்டனிடம் தோற்றதும் அப்படி ஒரு கடைசி வினாடி ஆட்டம்தானா அக்கா? அறைத்தோழர் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

*

மேக்கி_மீனா | ஆகஸ்ட் 19, 2025

ஆமாம் தம்பி. இண்டியானாபொலிஸில், கிட்டத்தட்ட நம் ஊர்க் கூட்டத்துக்கு நடுவே. 60-60. ஹூஸ்டனுக்கு எங்கள் கூடைக்கு அடியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும், இரண்டு வினாடிதான். மிலோஸ் யூசன் பந்தை ஜோசஃப் டக்லரிடம் கொடுத்துவிட்டு உள்ளே அடியெடுத்து வைத்தார். நம் ஆட்கள் இருவர் டக்லரையே பார்த்தார்கள். பந்து திரும்ப யூசன் கைக்கு வந்து லே-அப். 62-60. பந்தை உள்ளே எறிந்தவரை மறந்துவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் ஆடிய ஸ்மித், லோயர், காஃப்மன்-ரென் மூவரும் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்பதால்தான் எனக்கு நம்பிக்கை. பெயிண்டர் அந்த ஒரு ஆட்டத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பார். மாணவர் கூட்டமான பெயிண்ட் க்ரூவில் சீக்கிரம் சேர்ந்துவிடு, சீட்டு தீர்ந்துவிடும்.

*

கிரிம்சன்_கரூர் | ஆகஸ்ட் 20, 2025

என் கணிப்பை எழுதி வைக்கிறேன், டிசம்பரில் எடுத்துப் பார்க்கலாம். இந்தியானா ஃபுட்பால் மூன்று பெரிய வெளியூர் ஆட்டங்களில் இரண்டு ஜெயித்து மறுபடி பிளேஆஃப் போகும். பர்டியூ மூன்று ஆட்டம் ஜெயிக்கும். பக்கெட் ஆட்டம் இந்த முறை பர்டியூவின் ராஸ்-ஏட் ஸ்டேடியத்தில். பழைய மர வாளியில் தொங்கும் வெண்கலச் சங்கிலியில் இந்தியானாவுக்கான இன்னொரு ‘ஐ’ எழுத்து சேரும், ஆனால் 66-0 வராது. பாஸ்கெட்பாலில் பர்டியூ ஃபைனல் ஃபோர். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஸ்மித்தைத் தடுக்க எங்களிடம் ஆள் இல்லை.

*

பாய்லர்_நெல்லை | ஆகஸ்ட் 20, 2025

ஃபுட்பாலுக்கு மூன்றா? நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் கரூர். பக்கெட் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நீங்களும் பாலா அண்ணாவும் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.